ஈரமுத்து பேர் கேட்கிறான்

ஈரமுத்து செத்துப்போனவன் என்பதைக் கிறிஸ்டி கண்டுபிடித்தது ஸ்டாஃப் ரூமில், தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது.

"மேடம், இவன் பேய்," என்றாள்.

தலைமை ஆசிரியை மங்களேஸ்வரி நிமிரவில்லை. "யாரு, எட்டாம் கிளாஸ் விஸ்வநாதனா? அவன் அப்பப்ப அப்படித்தான்."

"ஈரமுத்து மேடம். நாடகத்துல வர்ற ஈரமுத்து."

ஈரமுத்து யாரென்று தென்காசியில் விளக்க வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் பள்ளிக்கூடங்கள் போடுகிற நாடகத்தின் நாயகன் அவன். அருவிக்குப் பின்னாலிருந்து சொட்டச் சொட்ட வருவான். ஊர்ப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "பேரு சொன்னா கூட்டாளி" என்று ஒவ்வொருவரிடமும் பேர் கேட்பான். பிள்ளைகள் "பூசணி", "வெண்டைக்காய்", "சுண்டைக்காய்" என்று புளுகுவார்கள். அரங்கமே சிரிக்கும். அவன் அவர்களோடு ஒளிந்து விளையாடிவிட்டு, சீசன் முடிந்ததும் அருவிக்குள் திரும்பிப் போய்விடுவான். ஊரில் பாதிப் பேர் சின்ன வயதில் ஏதாவது ஒரு காய்கறியாக நடித்தவர்கள்தான்.

கிறிஸ்டி மதுரைக்காரி. தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் எந்தக் காய்கறியாகவும் நடித்ததில்லை. அதனால்தான் பிரதியைப் புதிதாகப் படிக்க முடிந்தது.

"பாருங்க மேடம். நாடகத்துல பெரியவங்க ஒருத்தர்கூட இவன்கிட்டப் பேசல. வெயிலடிக்கிற வகுப்பறைக் காட்சியிலயும் இவன் சட்டை நனைஞ்சிருக்கு. பஜ்ஜி கொடுத்தா மோந்து பாத்துட்டுத் திருப்பிக் கொடுக்கான். அருவியில போன பிள்ளை மேடம் இவன். துணைக்கு ஆள் தேடுதான்."

மங்களேஸ்வரி பிரதியை வாங்கிப் புரட்டினாள். "எத்தனை தடவை போட்டிருக்கோம். இது தோணவே இல்லையே. சரி, பேயாவே வச்சுக்கோங்க. பெத்தவங்க புகார்னு வந்து நிக்காம பாத்துக்கோங்க. அந்தக் காய்கறிப் பேரை மட்டும் எடுத்துராதீங்க. சனம் சிரிக்கிறதே அந்த இடத்துலதான்."

கிறிஸ்டி எடுத்தது அதைத்தான். சிரிப்பு வந்தால் பயம் போய்விடும். இருட்டில் ஒரு ஈரக் குரல் பேர் கேட்க, பிள்ளைகள் தங்கள் சொந்தப் பேரைச் சொல்ல வேண்டும். அவள் அப்படித்தான் எழுதி மாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒத்திகைக்காகப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பழைய குற்றாலத்துக்கே கூட்டிப் போனாள். அருவிச் சத்தத்தில் நின்று பேசினால்தான் குரலில் நடுக்கம் வரும் என்பது அவள் எண்ணம். கூட்டம் இன்னும் சேரவில்லை. குளிக்கிற இடத்துக்கு எட்டவே படிக்கட்டில் பிள்ளைகளை நிறுத்தினாள். ஈரமுத்துவாக நடிக்கும் விஸ்வநாதன் சளி பிடித்து வரவில்லை.

"விசு அங்கன நிக்கிறதா நினைச்சுக்கோங்க," என்று தண்ணீர் விழுகிற பாறையைக் காட்டினாள். "நான் கேக்கேன். நீங்க அவனைப் பாத்து அவங்கவங்க பேரைச் சொல்லணும்."

பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அப்பாவும் அத்தையும் சொல்லிக் கேட்ட வசனம் நாக்கில் ஊறியிருந்தது. "பூசணி" என்று கத்தினான் ஒருவன். "முள்ளங்கி" என்றாள் அடுத்தவள். வரிசை முழுக்கக் காய்கறிக் கடையாகிவிட்டது.

கடைசியாக நின்றவள் ஜெனோ. நாலாம் வகுப்பு. கிறிஸ்டியின் மகள். பள்ளிக்கூட விஷயத்தில் அம்மாவை "மிஸ்" என்றுதான் கூப்பிட வேண்டும், மிஸ் சொன்னதை மீறக் கூடாது என்று வளர்ந்தவள்.

"ஜெனோ," என்றாள் அவள், பாறையைப் பார்த்து, தெளிவாக.

"இப்படித்தான் சொல்லணும். பாத்தீங்களா எல்லாரும்," என்றாள் கிறிஸ்டி.

ஜெனோ பாறையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மிஸ், அவன் திருப்பிச் சொல்லுதான்."

"எதை?"

"எம் பேரை."

வேனில் திரும்பும்போது கிறிஸ்டிக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளைக்கு நல்ல கற்பனை.

மேலகரத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. சீசனில் கரை தளும்பிப் போகும். மறுநாள் சாயங்காலம் கிறிஸ்டி அடுக்களையில் இருந்தபோது, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ஜெனோ, "ஏன்?" என்றாள்.

"நான் கூப்பிடலையே."

"நீ இல்லம்மா."

அதற்கடுத்த நாளும் அப்படியே. அதற்கும் அடுத்த நாள் வீட்டுப்பாட நோட்டு மட்டும் திறந்து கிடந்தது. பிள்ளையைக் காணோம். புறவாசல் கதவு திறந்திருந்தது. வாய்க்காலின் கடைசிப் படியில், கணுக்கால் தண்ணீரில், ஜெனோ நின்றுகொண்டிருந்தாள். கிறிஸ்டி பாய்ந்து இழுத்தபோது அவள் தலைமுடியிலிருந்து நீர் வழிந்தது. மழையே பெய்யவில்லை.

"அவன் கூப்பிடுதான்மா. ஒருக்கா கூப்பிடுதான். இன்னொருக்கா கூப்பிடுதான். அப்புறம் தண்ணிச் சத்தந்தான் கேக்கு. நான் இன்னும் கிட்டப் போனா விளையாட வருவானாம்."

கிறிஸ்டி புறவாசலுக்குப் பூட்டுப் போட்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் கணவன் ஜஸ்டினிடம் சொன்னாள். தென்காசியில் பெயிண்ட் கடை வைத்திருப்பவன். எதையும் வேடிக்கையாக்கிவிடுவான்.

"எல்லாம் நீ பிள்ளைக்கு ஓவரா நடிப்பு சொல்லிக் கொடுத்த கோளாறு. நாங்கல்லாம் நடிக்கலையா? நான் முருங்கைக்காய். நிமிந்து நிக்கணும், அவ்வளவுதான் வேலை. எங்க செட்டுல கோமதிசங்கர்னு ஒருத்தன். அவனுக்குப் பாகற்காய். பயபுள்ள மேடையில மறந்துபோயி முழிமுழின்னு முழிச்சுட்டு, சொந்தப் பேரைச் சொல்லிட்டான். அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு..."

அவன் பாதியில் நிறுத்தினான்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. அந்தச் சீசன்லதான் அவங்கம்மை சிற்றாத்துல போயிட்டா. வழுக்கிருச்சுன்னாங்க. பாவம், அதுக்கப்புறம் அவன் ஊருப்பக்கமே வாறதில்ல. தூத்துக்குடியில உப்பளத்துல இருக்கான்."

மறுநாள் இடைவேளையில் கிறிஸ்டி நம்பர் வாங்கிக் கோமதிசங்கருக்குப் போன் போட்டாள். ஜஸ்டினின் மனைவி என்று சொன்னதும் அவர் உற்சாகமாகத்தான் பேசினார். "முருங்கைக்காய் எப்படி இருக்கான் தங்கச்சி? வயித்தைப் பாத்தா பூசணிங்காவ." கிறிஸ்டி நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"பிள்ளை சொந்தப் பேரைச் சொல்லிருச்சா?"

"ஆமா அண்ணாச்சி. நான்தான் சொல்லச் சொன்னேன்."



"என்னையும் கூப்பிட்டான் தங்கச்சி. அவனால ரெண்டு தடவைதான் கூப்பிட முடியும். மூணாந்தடவை கூப்பிட்டா மனுசன். ரெண்டோட நின்னா அவன். நாம ஏன்னு கேட்டுத் தண்ணிக்குள்ள இறங்காதவரைக்கும் கூட்டிட்டுப் போக முடியாது. ஆனா சின்னப் பிள்ளைக்கு அது எத்தனை நாளைக்கு நினைவிருக்கும்?"

"மதுரையில எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டா?"

"எங்கம்மை என்னைக் கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போனா. அங்கன கிணத்துக்குள்ள இருந்து கூப்பிட்டான்."

"அப்ப வேற வழியே இல்லையா?"

"நாங்க ஒரு வாரம் விட்டு ரெண்டு நாள் நாடகம் போட்டோம். ரெண்டாவது நாள் அவன் எங்கிட்டப் பேர் கேட்ட இடத்துல, அம்மை கீழ இருந்து மேடையில ஏறிட்டா. அவ பேரைச் சொன்னா. அதோட என்னைக் கூப்பிடுறதை விட்டுட்டான். காய்கறியெல்லாம் அதுக்கப்புறம் எடுபடாது தங்கச்சி. ஒரு பேரைத் திருப்பி வாங்கணும்னா இன்னொரு நிசப் பேரு கொடுக்கணும்."

"அம்மாவுக்கு அந்த ரெண்டு தடவை கணக்குத் தெரியாதா?"

"தெரியும். எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவதான். தெரிஞ்சும் ஏன்னு கேட்டுட்டா. ஏன் கேட்டான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல."

நாடகத்தன்று சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. பெற்றோர் கூட்டம் குடைகளோடு வந்து அரங்கை நிறைத்தது. கிறிஸ்டி காய்கறிப் பேர்களை மறுபடி சேர்த்துவிட்டிருந்தாள். ஜெனோவின் பங்கை வேறு பிள்ளைக்குக் கொடுத்து, அவளைக் கீழே ஜஸ்டினின் மடியில் உட்கார வைத்துவிட்டு, பிரதியோடு திரைக்குப் பக்கத்தில் நின்றாள். கோமதிசங்கர் சொன்னதை ஜஸ்டினிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் முந்திக்கொண்டு தன் பேரைக் கொடுப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

விளக்கு மங்கியது. ஈரமுத்து மேடைக்கு வந்தான். சட்டை நுனியிலிருந்து பலகையில் நீர் சொட்டியது. கூட்டம் கைதட்டியது.

கிறிஸ்டியின் முழங்கைக்குப் பக்கத்தில் யாரோ தும்மினார்கள்.

"மிஸ்," என்றான் விஸ்வநாதன். காய்ந்த சட்டையோடு, வாளியைக் கையில் பிடித்தபடி நின்றான். "நான் இன்னும் தண்ணியே ஊத்தல மிஸ். அங்கன யாரு நிக்கது?"

மேடையில் நின்றவன் வரிசையைக் கடந்தான். பூசணியிடம் பேர் கேட்டான். அரங்கு சிரித்தது. வெண்டைக்காய், சுண்டைக்காய். சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசிப் பிள்ளையைத் தாண்டி, அவன் மேடையின் விளிம்புக்கு வந்து குனிந்தான். ஜஸ்டினின் மடியைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"பேரு சொன்னா கூட்டாளி," என்றான்.

ஜெனோ மடியிலிருந்து இறங்கிவிட்டாள். மேடைப் படியில் கால் வைத்துவிட்டாள்.

கிறிஸ்டி பிரதியைப் போட்டுவிட்டு நடந்து போய் அவனுக்கும் மகளுக்கும் நடுவில் நின்றாள். அவன் முகம் சாதாரணப் பிள்ளை முகம்தான். உதடு மட்டும் வெகுநேரம் குளித்த பிள்ளையைப் போல நீலம் பாரித்திருந்தது.

"கிறிஸ்டி," என்றாள். "எம் பேரு கிறிஸ்டி."

அவன் அதை மெதுவாக, சுவைத்துப் பார்க்கிறவன்போல, ஒருமுறை திருப்பிச் சொன்னான். விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தபோது மேடையில் ஈரம் மட்டும் இருந்தது. புது மாதிரி இருக்கிறதென்று சனம் எழுந்து நின்று கைதட்டியது. மங்களேஸ்வரி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரே மேடையில ஏறுவீங்கன்னு நான் நினைக்கல. இனி எல்லா வருசமும் இப்படியே போடுவோம்."

ஜெனோவுக்கு அன்றோடு எந்தக் குரலும் கேட்கவில்லை. நன்றாகத் தூங்கினாள், சாப்பிட்டாள், வீட்டுப்பாடத்துக்குச் சண்டை போட்டாள்.

குரல் இப்போது கிறிஸ்டியைத் தேடி வந்தது. துணி காயப்போடும்போது, "கிறிஸ்டி." சற்றுப் பொறுத்து, "கிறிஸ்டி." பிறகு வாய்க்கால் சத்தம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு துணியை உதறினாள். பள்ளிக்கூடத்துக் குழாயடியில், "கிறிஸ்டி மிஸ்." அவள் திரும்பவில்லை. உண்மையாகவே கூப்பிட்ட மங்களேஸ்வரி மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. "காது டெஸ்ட் பண்ணிப் பாருங்க டீச்சர்," என்றாள்.

ஜஸ்டினும் கேட்டான். "ஏட்டி, முன்னல்லாம் ஒரு சத்தத்துக்கு ஏன்னு கேப்ப. இப்ப என்ன மகாராணியா?"

"சீசன் முடியட்டுங்க. பழையபடி கேக்கேன்."

முடிந்துவிடும் என்றுதான் அவளும் நம்பினாள். ஆகஸ்ட் பிறந்து வெயில் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. அருவியில் தண்ணீர் குறைகிறதென்று கடைக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். குரலும் ஓய்ந்துபோயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து, ஜஸ்டின் கடையில் சரக்கு இறக்கப் போயிருந்தான். கிறிஸ்டி அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெனோ முன்னறையில் படம் வரைகிறேன் என்றாள். மீன் கழுவின தண்ணீரைக் கொட்டுவதற்காகப் புறவாசல் பூட்டைத் திறந்தது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. திரும்பப் பூட்டவில்லை.

"எம்மா."

வாய்க்கால் பக்கமிருந்து வந்தது. ஜெனோவின் குரல்.

கிறிஸ்டி மீனைப் பிடித்த கையோடு நின்றாள். அவன்தான். பேரை விட்டுவிட்டுப் பிள்ளையின் குரலில் கூப்பிடுகிறான், அவ்வளவுதான். மூன்றாவது தடவை வரட்டும்.

"எம்..."

இரண்டாவது கூப்பிடல் பாதியில் அறுந்தது. வாய்க்குள் தண்ணீர் போனதுபோல.

அவள் காத்திருந்தாள். மூன்றாவது வரவில்லை. ரெண்டோடு நின்றால் அவன். கோமதிசங்கர் சொன்னது. அவளுக்குத் தெரியும். கழுவு தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. முன்னறையில் எந்தச் சத்தமும் இல்லை.

தலை முங்கிப்போன பிள்ளையும் மூன்றாவது தடவை கூப்பிடாது.

கோமதிசங்கரின் அம்மை ஏன் கேட்டாள் என்பது அந்த நொடியில் கிறிஸ்டிக்கு விளங்கிவிட்டது. விளங்கியபோது அவள் புறவாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஏன்ட்டி ஜெனோ, அம்மா இந்தா வாறேன்," என்று கத்திக்கொண்டே படியிறங்கினாள். முழங்கால் வரை தண்ணீர் ஏறியது. கலங்கல் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"எம்மா, யாரைத் தேடுத?"

திரும்பிப் பார்த்தாள். ஜெனோ புறவாசலில் நின்றாள். கையில் பென்சில். கன்னத்தில் பச்சை வண்ணம். ஒரு துளி ஈரம் இல்லை.

"ஒண்ணுமில்லட்டி. நீ உள்ள போ. கதவைப் பூட்டிக்கோ."

"நீ வரலையா?"

தண்ணீருக்கடியில் ஒரு சின்னக் கை அவள் விரல்களுக்குள் நுழைந்து இறுக்கிக்கொண்டது.

"நீ போ ஏட்டி," என்றாள் கிறிஸ்டி. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "பூட்டினது எனக்குக் கேக்கணும்."

பூட்டுகிற சத்தம் கேட்கும்வரை அவள் படியைவிட்டு அசையவில்லை.