பனிக்கட்டி இல்லாத பெட்டி

ரத்தம் எடுத்தது 1:40. பனிக்கட்டியில் வைத்தது 4:25. குறிப்பேட்டில், ஐந்து ஆண்டுக்கு முந்தைய ஒரு ஜனவரிப் பக்கத்தில் டார்லீன் ஹுடாக் தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் எதையும் நேரம் போட்டுத்தான் எழுதுவார்கள். யாரும் திரும்பிப் படிப்பதில்லை.

இன்று படிக்க வைத்தவள் பக்கத்து மேசை லவெர்ன். ஒரே ரத்தத்தில் கரிப்புகையின் நஞ்சைக் கலந்து, பாதியைப் பனிக்கட்டியிலும் பாதியை வெதுவெதுப்பிலும் வைத்திருந்தாள். டி.என்.ஏ. இழை அறுபட்ட செல், நுண்ணோக்கியில் வால்நட்சத்திரம்போல வால்விட்டுத் தெரியும். பனிக்கட்டியில் இருந்தவற்றுக்கு நீண்ட வால். வெதுவெதுப்பில் இருந்தவை உருண்டையாக, பழுதே காணாதவைபோல இருந்தன.

"பாத்தியா டார்லீன்? மூணு மணி நேரங்கூட ஆகல. குளிர்ல செல்லுக்குள்ள ரிப்பேர் வேலை நின்னுடுது, சூட்டுல ரிப்பேர்க்காரங்க இறங்கிடறாங்க. ஒருத்தன் புடைச்ச இடத்தைத் தடவிக் கண்டுபிடிக்கிறான். ஒருத்தன் கெட்டதை வெட்டி எறியறான். இன்னொருத்தன் எதிர் இழையைப் பாத்து நிரப்பித் தைச்சுட்டுப் போயிடறான். இந்தக் கட்டடத்துக்கு இப்படி ஒரு பிளம்பர் வந்தா நானே கட்டிக்குவேன்."

டார்லீன் சிரிக்கவில்லை. பழைய குறிப்பேட்டைத் தேடிப் போனாள்.

அந்த ஜனவரியில் அவள் தம்பி ஜெர்ரியும், உருக்காலையில் நிலக்கரியைச் சுடும் கற்கரி உலையின் மேல்தளத்தில் அவனோடு நின்ற பதினொரு பேரும் புகை செய்த பழுதைச் சோதிக்கத் தொழிற்சங்கக் கூடத்தில் ரத்தம் கொடுத்தார்கள். வெளியே எச்சில் உறையும் குளிர். உறைந்தால் செல் செத்துவிடும். அவள் ரத்தக் குழாய்ப் பெட்டியிலிருந்த பனிக்கட்டியைக் கொட்டிவிட்டு, பெட்டியைக் காரின் வெப்பக்காற்றுக்கு எதிரே வைத்துக்கொண்டாள். பாலத்தில் ஒரு லாரி சறுக்கி வழியை மறித்துக் கிடந்தது. வழி நெடுகிலும் ரத்தம் தன்னைத் தானே தைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

"சுத்தமா இருக்குடா" என்றாள் அன்று, வால் தெரியாத செல்களைப் பார்த்துவிட்டு; மற்ற பதினொரு பேரிடமும் அதையே சொன்னாள். கீழே, புகையில்லாத முற்றத்து வேலைக்கு மாற்றம் கேட்டு எழுதியிருந்த தாளை ஜெர்ரி கிழித்துப் போட்டான். கூட்டாளிகளை விட்டுப் போக அவனுக்கும் மனமில்லை.

தினமும் புகையில் நிற்பவனுக்குத் தையல் ஈடுகொடுக்காது. எங்காவது ஓர் இடம் தப்பும். சென்ற மார்ச்சில் ஜெர்ரியின் வலது நுரையீரலில் பாதியை எடுத்தார்கள். இந்த ஐந்து ஆண்டுதான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. அவளாலும் முடியாது. மதியமே குறிப்பேட்டோடு அவன் வீட்டுக்குப் போனாள்.

"வாங்க டாக்டரம்மா" என்றான் ஜெர்ரி. அவள் டாக்டர் இல்லை. மேசையில் தேவாலயத்தில் வாங்கிய பியரோகிக் கொழுக்கட்டை ஆறிக் கிடந்தது.

அவள் குறிப்பேட்டை விரித்து இரண்டு நேரங்களையும் காட்டினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"ஐஸே இல்லாமலா?"

"உறைஞ்சிடுமோன்னு பயந்துட்டேன்டா."

"பியர் வாங்கப் போனா மட்டும் மறக்காம ஐஸ் போடுவே."

சிரித்தான். சிரிப்பு இருமலானது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"என் தப்பு, ஜெர்ரி."

அவன் பக்கத்தைப் புரட்டினான். அடுத்த பக்கத்தில் பன்னிரண்டு பெயர்கள். ஸ்டாஷ் என்ற பெயரில் விரல் நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு இருபது.

"இவன் இன்னும் உலை மேலதான் வேலை பாக்கிறான். உன் பேச்சை நம்பி. மூணு மணிக்கு ஷிஃப்ட் ஏறுவான். நீ போய்ச் சொல்றியா, நான் சொல்லட்டுமா?"