பதினொரு நொடி

1

இந்தக் கதை ஒரு 'ம்'மிலிருந்து பிறந்தது. ஜப்பானின் செண்டாய் நகர ஆய்வுக்கூடத்தில், மதியச் சோற்றோடு கானாங்கெளுத்தியை மென்றுகொண்டே என் கணவர் குசே கேட்டார்:

"வால்வ மூடியாச்சா, மேடம்?"

"ம்."

"அடுப்ப அணைச்சியான்னு கேட்டாலும் இதே 'ம்'தான். போன வாரம் கஞ்சி கருகுச்சு."

"வழிச்சுத் தின்னுட்டுத்தானே எழுந்தீங்க?"

சிரித்தார். மூன்றாம் நாள் அவர் இதயம் நின்றுபோனது.

2

(கைவிட்ட தொடக்கம்: 'ஒளிக்கு எடை இல்லை, ஆனால் கை உண்டு, அந்தக் கை...' அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்பவில்லை.)

நேராகவே சொல்கிறேன். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கலத்துக்குள் ஒரு தகட்டைச் சுழலவிடுவோம். இருட்டில் அது நிற்க நாற்பத்தொரு நிமிடம். ஒளி பாய்ச்சியபோது பதினொரு நொடி முன்னதாகவே நின்றது. ஓடும் பொருளை ஒளி எதிர்த்துத் தள்ளுகிறது என்பதற்கு குசேயிடம் இருந்த சாட்சி அதுதான். ஆனால் கசிந்த காற்றும் அதையே செய்யும். இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவில் கண்ணாடியின் உட்புறத்தைத் துடைக்கக் கலத்தைத் திறந்தோம். திரும்ப மூடி வால்வை இறுக்க வேண்டியவள், அவருடைய உதவியாளரான நான்.

3

குசே இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் பூசைக்கு மறுநாள், அவரிடம் வேலை பார்த்த நிஷிவாகி வந்தான். ஊதுவத்தி ஏற்றினான்.

"அண்ணி, கட்டுரை அச்சுக்குப் போகணும். வால்வு மூடியிருந்துச்சுன்னு கையெழுத்துப் போடுங்க. முடியலேன்னா கசிவுன்னு எழுதித் திரும்ப வாங்கிடறேன்."

"இதுல உனக்கு என்ன லாபம்?"

"சந்தேகத்துக்கும் ஒரு அளவு வேணாமா, அண்ணி?"

இந்தக் கதையின் முதல் வரைவில் வால்வைத் தளர்த்தியவன் இவன்தான். வசதியான பாத்திரம். [அன்று அவன் ஊரிலேயே இல்லை. இந்த வரியை மூன்று வரைவுகளில் அடித்தேன்.]

4

முடிவு ஒன்று: கையெழுத்திடுகிறேன். இதை எழுதும்போது பேனா தடையில்லாமல் ஓடியது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: மறுக்கிறேன். என்னுடைய 'ம்'மோடு அவருடைய பதினொரு நொடியும் போகிறது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. இன்று காலை வால்வை நானே இறுக்கினேன். இருமுறை. இப்போதும் ஒளியில் பதினொரு நொடி குறைந்தால் குசே சொன்னது சரி. குறையாவிட்டால், அன்று நான் மூடவில்லை.

முதலில் இருட்டில் சுழலவிட்டேன். பிறகு விளக்கின் சுவிட்சில் விரலை வைத்து

எடுத்துவிட்டேன். போடுவதானால் நீங்கள் போடுங்கள்.

இருட்டில் தகடு நிற்க ஆனது நாற்பத்தொரு நிமிடம்.