விவாத மன்றத்துச் சாட்சி

வெள்ளிக்கிழமை என்றாலே பக்கெட்டுக்கு வேலை இரட்டிப்பு. அந்த ஆண்கள் பள்ளியில் காலையிலிருந்தே மன்றங்கள் கூடுகிற நாள் அது. ஓவிய மன்றத்துப் பையன்கள் சாயத்தையெல்லாம் கைகழுவும் தொட்டியில் கொட்டி அடைக்கவைத்துவிட்டு, போகிறபோது அதன்மேல் காறித் துப்பிவிட்டும் போவார்கள். மீன் வளர்க்கிற மன்றத்தார் செத்த மீனைக் கழிப்பறைக் குழியில் போடுவார்கள். அது உள்ளே போகாமல் ஊதிப்போய் மிதக்கும். சமையல் மன்றத்தின் பிசுக்கைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. எல்லாவற்றையும் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். ரப்பர் உறை கொடுத்திருந்தார்கள். அதில் ஓட்டை.

அங்கே கழிப்பறை கழுவுகிறவருக்குப் பையன்கள் வைத்த பெயர்தான் பக்கெட்டு. வேலைக்காரர் பிள்ளை என்ற சலுகையில் அவர் மகனும் அங்கேயே படித்தான். அப்பனுக்கு ஒரு பெயர் வைத்தவர்கள் மகனை மட்டும் விட்டுவைப்பார்களா? அவனுக்குப் ‘பினாயில்’ என்று வைத்தார்கள். அவன் யாரோடும் கைகலக்கவில்லை. வாயால் அடிக்கலாம் என்று விவாத மன்றத்தில் சேர்ந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை விவாதத்தில் ஜெயிப்பவன் வெளியூர்ப் போட்டிக்குப் போவான். மகன் கொஞ்ச நாளாகச் சோற்றில் கை வைத்தபடியே சுவரைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தான். "அப்பா, இன்னிக்கு மட்டும் வந்து பின்னாடி நில்லுப்பா" என்றும் கேட்டிருந்தான். பக்கெட்டு சோப்புப் போட்டுக் கையைத் தேய்தேயென்று தேய்த்துக் கழுவிக்கொண்டு போய், கதவோரம் நின்றார். பக்கத்தில் இருந்த பையன்கள் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்த மன்றத்தில் இரண்டு வழக்கம். யார் எந்தக் கட்சி பேசுவதென்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். பேசி முடித்தபின் அறையில் இருக்கிற யாரையாவது சாட்சியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். சாட்சி ‘ஆமா’ அல்லது ‘இல்ல’ என்று மட்டும் சொல்லலாம். அதற்குமேல் வாய் திறக்கக் கூடாது.

‘எந்த வேலையும் பழகிவிட்டால் அருவருப்பு இருக்காது’ என்பது தலைப்பு. இருக்காது என்று பேசும்படி மகனுக்குச் சீட்டு விழுந்தது.

"வேற எங்கயும் போக வேணாம்," என்று ஆரம்பித்தான் மகன். "எங்க அப்பாவையே எடுத்துக்குங்க. காலையில கழிவறை கழுவுறாரு. மத்தியானம் அதே கையால பிசைஞ்சு சாப்பிடுறாரு. ஒரு நாள்கூட மூஞ்சியச் சுளிச்சு நான் பாத்ததில்ல."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பக்கெட்டுக்குக் காது சுட்டது. கொண்டுவருகிற மதியச் சோற்றை அவர் வாசல் காவலாளியிடம் கொடுத்துவிடுவார். பகலில் ஒரு பருக்கைகூட உள்ளே இறங்காது. இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

எதிர்க்கட்சி பேசியவனை ‘மைக்’ என்பார்கள். கெட்டிக்காரப் பயல். பேசி முடித்துவிட்டு நேராகக் கதவோரம் கையை நீட்டினான்.

"என் சாட்சி பக்கெட்டண்ணன்."

குபீரென்று சிரிப்பு. "எம்மா, மூக்கப் பொத்திக்கடா" என்று யாரோ கிசுகிசுத்தான். மன்றத்து வாத்தியாரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார், நிறுத்தச் சொல்லவில்லை. நடுவராக இருந்த தலைமையாசிரியர், "வாங்க, முன்னாடி வந்து நில்லுங்க" என்றார்.

"அண்ணே, உங்க வேலை உங்களுக்கு அருவருப்பா இருக்கா?"

மகன் அவரையே பார்த்தான். ‘இல்ல’ என்று சொல்லிடுப்பா என்று அந்தக் கண் கெஞ்சியது. சொல்லிவிடலாம் என்றுதான் பக்கெட்டும் வாயைத் திறந்தார். அன்று காலை எடுத்த மீனின் வழவழப்பு விரலிடுக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. அடிவயிற்றிலிருந்து புளிப்பாக ஒன்று தொண்டைவரை ஏறியது. அதை விழுங்கினார்.

"ஆமா" என்றார்.

மைக்குக்கு வெற்றி. அவன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "கலக்கிட்டீங்கண்ணே." குலுக்கிய கையைத் திரும்பிப் போகும்போதே கால்சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டான்.

பள்ளி விட்டதும் மகன் முன்னால் விறுவிறுவென்று நடந்தான். தெரு திரும்புகிற இடத்தில் நின்றான்.

"ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா என்னப்பா கொறஞ்சிடும்?"

"சொல்லியிருந்தா நீயும் நெசம்னு நம்பியிருப்ப."

"நான் நெசம்னு நம்பித்தான் பேசினேன். சீட்டுக்காகப் பேசல."

பக்கெட்டு பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். ஒரு பேருந்து புகையைக் கக்கிவிட்டுப் போனது.

"வீட்டுல ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றான் மகன், குரல் இறங்கி.

"எப்படிடா சொல்றது? நான் வரும்போது நீங்க சாப்பிட உக்காந்திருப்பீங்க."

"இப்ப சாப்பிடல. சொல்லு."

பக்கெட்டு மீனிலிருந்து ஆரம்பித்தார். வயிறு வெடித்திருந்ததை, அதற்குள் நெளிந்ததை, உறையின் ஓட்டை வழியாக நகக்கண்ணுக்குள் போனதைச் சொன்னார். மகன் முகம் வெளுத்தது. சாக்கடை ஓரம் குனிந்து துப்பினான். இன்னொரு முறை துப்பினான்.

"போதுமாடா?"

மகன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னும் சொல்லு."