எட்டாவது மாடி உயரத்தில் ஒரு பலூன்

ஆகாயம் யாருக்கும் சொந்தமில்லை. எங்கள் நிலத்துக்கு நேர் மேலே இருக்கிற பகுதி மட்டும் என் மாமாவுக்குச் சொந்தம். இது வதந்தி அல்ல. அவரே சொல்லியிருக்கிறார்.

"கீழ பாதி எனக்குன்னா மேலயும் பாதி எனக்குத்தான். விமானப்படைக்கு அவசரம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பறக்கட்டும்."

கீழே மீதிப் பாதி அம்மாவுடையது. பிரிக்காத சொத்து. அக்கா, தம்பி இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அதில் எதுவும் நடக்கும். எங்கள் வேலி முடிகிற இடத்தில் விமானப்படைத் தளத்தின் வேலி. அதற்கு அந்தப் பக்கம் ஓடுபாதை. பயிற்சி விமானங்கள் எங்கள் புல்லைக் கோதிவிடுவது போலத்தான் இறங்கும்.

அதனால் தளத்திலிருந்து நில அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கண்ணாடி போட்ட பெண், அதிகம் பேசாதவர். நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும், புல் வளரட்டும், மாடு மேயட்டும், கட்டடம் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம். அப்படி எழுதிக் கொடுத்தால் அரசாங்கம் ஒரு தொகை கொடுக்கும் என்றார். அம்மாவுக்குச் சம்மதம். மாமாவுக்குச் சிரிப்பு.

"கட்டாம இருக்கறதுக்குக் காசா? அப்போ நான் இத்தனை வருஷமா வேலைக்குப் போகாம இருந்ததுக்கும் சேர்த்துக் குடுக்கச் சொல்லு."

அவர் ஏற்கெனவே ஒரு பில்டரைப் பிடித்து வைத்திருந்தார். எட்டு மாடிக் குடியிருப்பு. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவள் தினமும் நிலத்தைச் சுற்றி வந்து, காற்றில் வந்து விழுந்த பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்குவாள். பறந்து போய் எஞ்சினுக்குள் சிக்கிவிடும் என்ற பயம்.

"ஏன்க்கா, விமானப்படையில உன்னைக் குப்பைப் பிரிவுல சேர்த்துட்டாங்களா? யூனிஃபார்ம் எப்போ தர்றாங்க?" என்று மாமா வேலிக்கு வெளியே கேட்கும்படி கேட்பார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் பில்டர் ஒப்பந்தத்தோடு வந்தார். மாமா கையெழுத்துப் போட்டால் அம்மாவையும் கரைத்துவிடலாம் என்பது திட்டம். நிலம் முழுக்க ஆப்பு அடித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு நாடா கட்டினார்கள். பிறகு காரிலிருந்து ஒரு மஞ்சள் பலூன் இறங்கியது. சாதாரண பலூன் அல்ல. ஒரு கன்றுக்குட்டி உள்ளே படுத்துத் தூங்கலாம். எட்டாவது மாடி எவ்வளவு உயரமோ அவ்வளவு கயிறு. சாலையில் போகிறவர்கள் பார்த்துவிட்டு வீடு வாங்க ஓடி வருவார்களாம்.

"தம்பி, விமானம் வர்ற வழிடா அது," என்றாள் அம்மா.

"இன்னைக்கு சனிக்கிழமைக்கா. சனிக்கிழமை அவங்க பறக்கறதில்ல. ஊருக்கே தெரியும்."

மாமா எதையும் யோசித்துத்தான் செய்வார். வெள்ளிக்கிழமை முழுக்க மழை பெய்ததையும், மழையில் தவறிய பயிற்சியை மறுநாளே முடிப்பார்கள் என்பதையும் மட்டும் யோசிக்கவில்லை. கயிற்றை இரும்புக் கம்பியில் அவரே கட்டினார். "எமனே வந்தாலும் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது," என்றார்.

பலூன் மேலே போய் நின்றது. பில்டர் பேனாவை நீட்டினார். மாமா மூடியைத் திறந்தார்.

அப்போது சத்தம் கேட்டது.

முதலில் கொசு மாதிரி. பிறகு கொசு மாதிரி இல்லை. மேற்கே மரங்களுக்கு மேல் ஒரு விளக்கு தெரிந்தது.

"இறக்குடா!" அம்மா கத்திக்கொண்டே ஓடினாள்.

மாமா முடிச்சின் மேல் விழுந்தார். எமனால் முடியாதது அவராலும் முடியவில்லை. பில்டர் காரிலிருந்து கத்தியை எடுத்து வந்தார்.

"அறுக்காதீங்க! அறுத்தா நேரா மேல போயிடும்! இழுங்க!" என்று அம்மா தடுத்தாள்.

நான் அதிகாரியின் எண்ணுக்குப் போன் போட்டேன். நல்லவேளை, எடுத்தார்.

"எங்க நிலத்துக்கு மேல பலூன் நிக்குது மேடம், விமானம் வருது."

"எவ்வளவு உயரம்?"

"எட்டு மாடி."

"டவருக்குச் சொல்றேன்," என்று இணைப்பைத் துண்டித்தார். நானும் கயிற்றைப் பிடித்தேன். காற்று பலூனைத் தூக்கித் தூக்கி எங்களோடு விளையாடியது. கயிறு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு போனது. மாமா இழுத்த இழுப்பில் சட்டைப் பித்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. விளக்கு இரண்டாயிற்று, விளக்குகளுக்குப் பின்னால் இறக்கைகள் வந்தன. பலூன் பாதி உயரத்தில்தான் இருந்தது.

"அடேய், எங்களைப் பாருடா," என்று மாமா வானத்தைப் பார்த்துக் கெஞ்சினார். "மேல போ ராஜா, மேல போ!"

விமானத்தின் மூக்கு நிமிர்ந்தது. எஞ்சின் அலறிய அலறலில் புல் எல்லாம் ஒரே பக்கம் படுத்தது. ஒரு கணம் வெள்ளைத் தலைக்கவசம் ஒன்று தெரிந்தது, பொம்மைக்குப் போட்டது போலச் சின்னதாக. பிறகு விமானம் வளைந்து, சுருங்கி, தூரத்தில் புள்ளியாயிற்று.

பலூன் தரைக்கு வந்தது. அம்மா அதன் மேல் குப்புற விழுந்து, சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். அது வெடிக்கவில்லை. கல்யாண வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு சத்தத்தை நீளமாக விட்டுச் செத்தது. யாரும் சிரிக்கவில்லை.

புள்ளி மறுபடி விளக்காயிற்று. அது எங்கள் தலைக்கு மேல் இறங்கி, வேலியைத் தாண்டி, ஓடுபாதையைத் தொட்டதும்தான் பில்டருக்குக் குரல் வந்தது.

"வேணும்னா ஆறு மாடியாக் குறைச்சுக்கலாம் சார்."

மாமா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்திருந்தது.

"ஆறு மாடிய எந்தக் கயித்தைப் பிடிச்சு இழுக்கறது?" என்றார்.

பில்டர் ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு காரைக் கிளப்பினார். அம்மா அதிகாரிக்குப் போன் செய்ய என் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தபோது, மாமா நிலத்தின் அந்தக் கோடியில் குனிந்திருந்தார். ஆப்புகளைப் பிடுங்கிப் பிடுங்கி அடுக்கியிருந்தார். நாடாக்கள் சட்டைப் பைக்குள். இப்போது புல்லை விலக்கி விலக்கி, காற்றில் வந்து விழுந்த பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லடா. செருப்பைத் தேடறேன்."

இரண்டு செருப்பும் காலில்தான் இருந்தன. நான் தண்ணீரை வைத்துவிட்டு வந்தேன்.