ஒரு மூடி கஷாயம்

பழைய எண்ணெய்க் கேன் ஒன்றைக் குறுக்கே அறுத்துத் தொங்கும் தொட்டியாக்கும் வேலையில் அவர் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி ஒருமுறை சிணுங்கியது. கத்தி கேனின் வயிற்றில் பாதிவரை இறங்கியிருந்தது. நடுவில் நிறுத்தினால் விளிம்பு பிசிறடித்துவிடும். ஆகையால் முழுவதையும் அறுத்து, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, தூசியை ஊதித் தள்ளிய பிறகே கைப்பேசியைக் கையில் எடுத்தார்.

"மாமா நேத்து சாயங்காலம் ஒரு மூடி குடுத்தேன். இன்னைக்குக் காலைல ஒரு மூடி. பிள்ளை துவண்டு கிடக்கு, தலை நிக்கல. இன்னும் குடுக்கலாமா."

புதிய எண். மூன்று நாள்களுக்கு முன்புதான் அவருடைய வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த பெண். அவள் எழுத்தாக அனுப்பியிருந்தாள். எழுத்தில் குரல் நடுங்குவதில்லை. அவர் வழக்கம்போல் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினார்.

"அப்படித்தாம்மா இருக்கும். முதல்ல துவளும், அப்புறம் பாருங்க எப்படி நிமிருதுன்னு. இன்னொரு மூடி குடுங்க. பயப்படாதீங்க."

பேசி முடித்துவிட்டுக் கேனுக்கு மஞ்சள் வர்ணம் பூசத் தொடங்கினார்.

அவர் தொழில் பெயர்ப்பலகை எழுதுவது. முப்பது ஆண்டுகளில் ஒரு புள்ளியோ ஒரு கால்வாங்கியோ தவறியதில்லை என்ற பெருமை அவருக்கு உண்டு. அச்சுப் பலகைகள் பெருகிய பிறகு கையில் ஓய்ந்த நேரம் சேர்ந்தது. அந்த நேரம் மாடிக்கு ஏறி, செடியாயிற்று. கிழிந்த கால்சட்டையைச் சிமெண்டில் தோய்த்துத் தொட்டி செய்வது, கண்ணாடிப் புட்டியை விளக்காக்குவது, உடைந்த வளையல்களைச் சுவரில் பதித்து மயிலாக்குவது என்று தாம் செய்து பார்த்தவற்றையெல்லாம் நாலு பேருக்குச் சொல்ல ஒரு குழுவைத் தொடங்கினார். நாலு பேர் இருநூற்றுச் சொச்சம் பேரானார்கள். அவர்களுக்கு அவர் 'தொட்டி மாமா'. பலகையில் அங்குல எழுத்தைத் தீட்டும் விரல்களுக்குக் கைப்பேசியின் எறும்பெழுத்து வசப்படவில்லை. ஆகையால் எல்லாவற்றையும் பேசியே அனுப்பினார். குழுவில் பெரும்பாலோர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கரகரத்த, அவசரமில்லாத குரல் அவர்களுடைய சமையலறைகளிலும் பேருந்துப் பயணங்களிலும் நாள்தோறும் ஒலித்தது.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. 'செடிக்குத் தண்ணி ஊத்தினேன்னு சொல்லாதீங்க, பிள்ளைக்குத் தண்ணி குடுத்தேன்னு சொல்லுங்க. சொல்லு மாறினா கை மாறும்' என்று தொடக்கத்திலேயே சொல்லிவைத்தார். குழுவும் அப்படியே பழகிக்கொண்டது. ஒருத்தியின் பிள்ளைக்கு மொட்டு வந்தது. இன்னொருவரின் பிள்ளை வெயிலில் கருகியது. தையல் வேலை செய்யும் அவர் மனைவி மட்டும் இதைக் கேட்கும்போதெல்லாம் நூலைப் பல்லால் கடித்தபடி சிரிப்பாள். "நேத்து ஒருத்தி பிள்ளையோட தலைய வெட்டிட்டேன், இப்ப நல்லா கிளைக்குதுங்கறா. போலீஸ்காரன் கேட்டா உங்க குழுவையே உள்ள தூக்கி வச்சிடுவான்" என்பாள்.

இவ்வாண்டு எல்லார் வீட்டுச் செடிகளிலும் மாவுப்பூச்சி பஞ்சுபோல் அப்பிக்கொண்டது. வேப்பிலைச் சாற்றுக்கு அது மசியவில்லை. அவர் தம் பொறுப்பில் அரளி இலையையும் சேர்த்துக் காய்ச்சிப் பார்த்தார். மூன்றே நாளில் பூச்சி உதிர்ந்தது. உடனே இருபது பழச்சாற்றுப் புட்டிகளைக் கழுவி, கஷாயத்தை நிரப்பி, கடை வாசலில் ஓர் அலமாரியை நிறுத்தி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். வெறும் புட்டியாக வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றிலும் சுற்றிப் பச்சைக் கொடி வரைந்து, கொடியின் நுனியில் சிரிக்கும் ஒரு குழந்தை முகமும் தீட்டி, நடுவில் 'பூச்சிக் கஷாயம்' என்று முத்து முத்தாக எழுதினார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் முறை கைப்பேசி சிணுங்கியபோது மஞ்சள் வர்ணம் பாதி உலர்ந்திருந்தது.

"மாமா மூணாவது மூடியும் குடுத்தேன். பிள்ளை வாந்தி எடுக்குது. கையெல்லாம் சில்லுனு இருக்கு."

அவர் அதை ஒருமுறை படித்தார். வாந்தி என்ற சொல்லில் கண் நின்றது. வேறு எந்தச் சொல்லையாவது அவள் தவறாக அப்படி அடித்துவிட்டாளோ என்று அந்த மூன்று எழுத்துகளையும் பலகையில் பிழை தேடுபவர் போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிழை இல்லை. தூரிகை கையிலிருந்து நழுவியதை அவர் அறியவில்லை.

படிக்கட்டில் அவர் இறங்கி வந்த வேகத்தைக் கண்டு மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். அவர் கைப்பேசியை நீட்டினார். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"புதுசா சேர்ந்தவ, வயித்துப் பூச்சிக்குன்னு நினைச்சிருக்கா" என்றாள்.

தாம் செடிக்குத்தான் சொன்னதாக அவர் திணறினார். அவள், மூன்று நாள்களுக்கு முன் அவர் குழுவில் அனுப்பிய ஒலிப்பதிவைத் தேடி ஓடவிட்டாள். அறை முழுவதும் அவர் குரலே கேட்டது. பிள்ளைங்களுக்குப் பூச்சித் தொல்லை இருந்தா கடை வாசல்ல கஷாயம் வச்சிருக்கேன், எடுத்துக்குங்க. ஒரு மூடி கஷாயத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி. வெயில் தாழக் குடுங்க. கொஞ்சம் வாடினா பயந்துடாதீங்க. அந்தக் கனிவு, அந்த நிதானம், இடையில் ஒரு செல்லச் சிரிப்பு. கேட்கக் கேட்க அவருக்குத் தம் குரலே அந்நியமாகவும் அச்சம் தருவதாகவும் இருந்தது. யாரோ ஒருவன் இனிக்க இனிக்கப் பேசி ஒரு வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறான். அவனைத் தடுக்க வழியில்லை.

"செடிங்கற வார்த்தை ஒரு இடத்துலகூட இல்லைங்க" என்றாள் மனைவி.

அவர் அந்த எண்ணை அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். நான்காம் முறை ஒரு பெண் எடுத்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள், தான் பக்கத்து வீடு என்றும், அந்த அம்மா போனை விட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்றும், பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றும் மூச்சுவிடாமல் சொன்னாள். நாலு வயதுப் பெண் குழந்தை, காலையிலிருந்தே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது என்றாள். பிறகு, "நீங்க யாரு பேசறது?" என்று கேட்டாள்.

அவர் இணைப்பைத் துண்டித்தார்.

அப்படித் துண்டித்ததை மனைவி பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அவள் முகத்தை ஏறிடாமல், குழுவிலிருந்த தம் ஒலிப்பதிவின்மேல் கட்டைவிரலை அழுத்தினார். 'அனைவருக்கும் நீக்கு' என்ற வரி எழுந்து நின்றது. இன்னொருவர் கேட்டு ஏமாறாதிருக்க அழிக்கிறோமா, நாளை யாரும் எடுத்துக் காட்டாதிருக்க அழிக்கிறோமா என்று அவருக்கே விளங்கவில்லை. விரல் அந்தரத்தில் நின்றது.

"அழிச்சிட்டா அது குடிச்சது அழிஞ்சிடுமா?" என்று கேட்டு, கைப்பேசியை அவள் வாங்கிக்கொண்டாள். குழுவில் அவளே எழுதினாள்: கஷாயம் செடிக்கு மட்டும், உள்ளே அரளி இருக்கிறது, விஷம், யாரும் வாயில் வைக்க வேண்டாம், புட்டிகளை உடனே ஒதுக்கி வையுங்கள். எழுதிக்கொண்டே, மாடிக்குப் போய் அந்த அரளியில் ஒரு கிளையை வெட்டி வரும்படி சொன்னாள். என்ன குடித்தது என்று தெரியாமல் டாக்டர் என்ன மருந்து கொடுப்பார் என்றாள்.

"நீ போய்ச் சொல்லேன்" என்றார் அவர்.

"காய்ச்சினது நானா? எத்தனை இலை, எவ்வளவு தண்ணின்னு எனக்குத் தெரியுமா?"

அரளி வழக்கம்போல் பூத்துக் குலுங்கியது. கிளையை வெட்டும்போது பால் கசிந்து அவர் விரலில் வழிந்தது. அதைத் துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பு போகாததுபோல் இருந்தது. கீழே இறங்கி இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார்.

ஸ்கூட்டரின் பின்னால் மனைவி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் அவர் எழுதிய பலகைகள்: மருந்துக்கடை, மளிகைக்கடை, குழந்தைகள் பள்ளி. சிவப்பு விளக்கில் நின்றபோது, பக்கத்து வண்டியில் ஒருவர் மடியிலிருந்த குழந்தை இவரைப் பார்த்துக் கையாட்டியது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். ஒன்றும் ஆகியிருக்காது, வாந்தியில் எல்லாம் வெளியே வந்திருக்கும் என்று பின்னாலிருந்து மனைவி சொன்னாள். அவள் குரலில் உறுதியில்லை. அவர் தோளைப் பற்றியிருந்த விரல்கள் ஊசியாய்க் குத்தின.

அவசரப் பிரிவின் வாயிலில் காவலாளி ஒருவரைத்தான் உள்ளே விடுவேன் என்றான். மனைவி பையை அவர் கையில் திணித்து, முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

நீண்ட கூடம். மருந்து நெடி. சுவரோரப் பெஞ்சில் ஐந்தாறு பேர். யாரிடம் விசாரிப்பது என்று அவர் தயங்க வேண்டியிருக்கவில்லை. இருபதடி தூரத்திலிருந்தே தம் எழுத்தைத் தாமே அடையாளம் கண்டுகொண்டார். ஓர் இளைஞன் கையில் அந்தப் புட்டி இருந்தது. குழந்தை முகம் வெளிப்புறமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அவன் அருகில் தலை கலைந்த ஒரு பெண், ஈரமான சின்னக் கவுன் ஒன்றை மடியில் சுருட்டிப் பிடித்தபடி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவர்களுக்கு எதிரே, சுவரோடு சுவராக நின்றார். இருவரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்கள்; தம் நோயாளிக்காகக் காத்திருக்கும் இன்னொரு கிழவர் என்று எண்ணிப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. இவர்களுக்கு என் முகம் தெரியாது. வாயைத் திறக்காதவரை இந்தக் கூடத்தில் நான் யாரோ.

"எவனோ மாமாவாம்" என்று அந்த இளைஞன் தாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "தேன் மாதிரி பேசுவான். அவன் பேச்சைக் கேட்டு நானே போய் எடுத்துட்டு வந்தேன் சிஸ்டர். என் கையில மட்டும் கிடைச்சான்னா..." மீதியைச் சொல்லாமல் புட்டியின் கழுத்தை இறுக்கினான்.

தாதி புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அழகாகத்தான் எழுதியிருக்கிறது, உள்ளே என்ன போட்டது என்று எழுதவில்லையே என்றாள்.

கிளையைத் தாதியிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடலாம் என்று அவருக்குத் தோன்றியது. பையைப் பிரித்தார். ஆனால் கிளை என்ன சொல்லும்? இரண்டு கைப்பிடி இலை என்று சொல்லுமா, பாதியாக வற்றும்வரை காய்ச்சியது என்று சொல்லுமா? கால்கள் வாசல் பக்கமாக அரையடி நகர்ந்ததைத் தாமே கண்டார்.

கதவு திறந்தது. கையுறை போட்ட டாக்டர் வெளியே வந்தார். குழந்தையின் நாடித்துடிப்பு குறைந்துகொண்டே வருகிறது என்று தாதியிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, கூடத்தை நோக்கிக் கேட்டார்.

"இதுல என்ன கலந்திருக்குன்னு தெரிஞ்சவங்க யாராவது வந்திருக்காங்களா?"

வாசல் பக்கம் நகர்ந்திருந்த காலை அவர் திரும்ப எடுத்து வைத்தார்.

"அரளிங்க" என்றார் அவர்.

குரல் உடைந்து வந்தது. ஆயினும் அதே கரகரப்பு, அதே இழுவை. கிளையை நீட்டிக்கொண்டு, வேப்பிலையோடு இரண்டு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கைப்பிடி அரளி இலை என்ற கணக்கில், பாதியாக வற்றக் காய்ச்சியது, குழந்தை குடித்தது மூன்று மூடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் கிளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். கதவு அவர் பின்னால் ஆடி ஆடி அடங்கிற்று.

இளைஞன் டாக்டர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். அவள் பார்வை அவர் கண்களுக்கு வரவில்லை. ஈரக் கவுனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் உதடுகளையே, அவை இன்னும் ஏதோ சொல்லப்போகின்றன என்பதுபோல், உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.