எங்க பரம்பரையில கெடயாது

காலையில் எழிலரசன் குழாயில் தண்ணீர் பிடித்தான். பால் காய்ச்சினான். சட்டையைத் தேய்த்தான். சோற்றை டப்பாவில் அடைத்து மூடினான். கிருமாம்பாக்கத்தில் புதுச்சேரி பஸ் பிடிக்க இன்னும் நேரமிருந்தது.

மாமியார் புவனேஸ்வரி கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். பின்னால் பத்திரிகைக் கட்டோடு மணப்பெண், அவளுடைய இளைய மகள் பிரியதர்ஷினி. சுவரைப் பிடித்துக்கொண்டே நாற்காலிக்கு வந்தாள். எழிலரசன் அதைப் பார்த்தான். போன வருஷம் அவன் மனைவி செல்வகுமாரியும் இப்படித்தான் நடந்தாள்.

"இன்னா பிரியா, தல சுத்துதா?"

"ஒரு மாசமா மாமா. காலைல எழுந்தா வாந்தி வேற."

"பித்தம்" என்றாள் புவனேஸ்வரி, காபியில் பிஸ்கட்டை நனைத்தபடி.

அன்றைக்கும் இப்படித்தான் முந்திக்கொண்டாள். செல்வகுமாரியின் ஸ்கேனில் சிறுமூளையில் கட்டி தெரிந்தது. "இது சில குடும்பத்துல பரம்பரையா வரும். வேற யாருக்காவது தலையில, சிறுநீரகத்துல கட்டி இருந்துதா? கண்ணு போச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க பரம்பரையில தலவலி கூட கெடயாது சார்" என்றாள் புவனேஸ்வரி.

டாக்டர் நம்பினார். ஆபரேஷன் மேஜையில் ரத்த அழுத்தம் எகிறியது. அதற்குப் பிறகுதான் வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். சிறுநீரகத்தின் மேல் இன்னொரு கட்டி. முன்பே தெரிந்திருந்தால், அழுத்தத்தை மருந்தில் அடக்கிவிட்டுத்தான் கத்தி வைத்திருப்பார்களாம். நினைவு திரும்பி இரண்டாவது கட்டியைக் கேள்விப்பட்ட செல்வகுமாரி, மறுநாளே இறந்துபோனாள்.

கருமாதியன்று புவனேஸ்வரியின் அண்ணி ராமாயி எல்லோர் எதிரிலும் கேட்டாள்: "எம் புருசனுக்கு வந்த அதே கட்டியாடி?" அந்த அண்ணன் தென்னையிலிருந்து விழுந்து செத்ததாகத்தான் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"கருமாதியிலேருந்து சொல்றேன் அத்தை, பிரியாவுக்கு ஸ்கேன் எடுக்கணும். தல, வயிறு ரெண்டும். இன்னிக்கே."

"கத்தாத மாப்ள. சம்பந்தி காதுல வுழப்போவுது. தாலி ஏறட்டும். அப்புறம் அவுங்க வூட்டுப் பாடு."

நனைந்த பிஸ்கட் உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. விரலை விட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எழிலரசன் சோற்று டப்பாவைத் தள்ளி வைத்தான்.

"செத்தவளே சொன்னாளே, தங்கச்சி கல்யாணத்த நிறுத்திடாதம்மான்னு. அதான் அவ கடைசி வார்த்த."

செல்வகுமாரி கடைசியாகப் பேசியபோது புவனேஸ்வரி ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள். போனில் தரகரோடு பிரியாவின் ஜாதகம் பேசிக்கொண்டிருந்தாள். கட்டிலருகே எழிலரசன் மட்டும்தான்.

பிரியதர்ஷினி தன் மடியிலிருந்த பத்திரிகைக் கட்டை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"நீ அங்க இல்லியேம்மா" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "மாமா, அக்கா நெஜமா இன்னா சொன்னா?"

எழிலரசன் ஆட்டோவுக்குப் போன் போட்டான். வைத்துவிட்டு, செல்வகுமாரி சொன்னதை அப்படியே சொன்னான்.

"அம்மா பேச்சக் கேக்காதிங்க. பிரியாவ அந்த மிஷின்ல படுக்க வைங்க. மறச்சா நோவு போவாதுங்க, ஆளுதான் போவும்."