மிசஸ் ஹெஃபர்னன் வீட்டு ஒட்டடை

எனக்கு வேலை போனால் அது பேயால் இல்லை, ஒட்டடையால்.

அயர்லாந்தில், டிப்பரேரியில் மிசஸ் ஹெஃபர்னனுடைய பழைய மாளிகையில்தான் எங்கள் டிவி தொடருக்குப் படப்பிடிப்பு. பாதி பயம், பாதி சிரிப்பு. ரத்தம் குடிக்கும் பிரபு ஒருவர், ஆனால் தீராத பல்வலிக்காரர். வீட்டைப் பாழடைந்ததாகக் காட்டுவது என் பொறுப்பு. பசையை விசிறியில் ஊதி ஒட்டடை கட்டுவேன், முல்தானி மட்டியைத் தூவித் தூசி படிய வைப்பேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வீடு பளபளவென்று மின்னும்! முந்தின ஷாட்டில் பிரபுவின் தலைக்கு மேல் ஒட்டடை, அடுத்த ஷாட்டில் ஒன்றுமில்லை.

"டெர்வ்லா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்," என்றார் இயக்குநர் டெக்லன். எல்லார் முன்னாலும்தான் சொன்னார்.

எந்தப் புண்ணியவான் பார்க்கிற வேலை இது? பிரபுவாக நடிக்கும் ஃபின்டன் மேல்தான் முதல் சந்தேகம். தூசி பட்டால் தும்முவான், தும்மினால் ஒட்டுப்பல் பறக்கும்.

"நானா? நான் துடைப்பத்தைத் தொட்டே வருஷமாச்சு, வேணும்னா என் பொண்டாட்டியைக் கேளு," என்றான்.

மேக்கப் போடும் மேவ் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டுத் திருட்டு முழி முழித்தாள். இவளுமா கூட்டு? யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே பட்டது.

மறுநாள் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போனதும் நான் மட்டும் கூடத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கதவு கிறீச்சிட்டது. கறுப்பு உடையில் ஓர் உருவம், கையில் நீளக் கம்பு. நானே ஜோடித்த பேய்வீட்டில் எனக்கே குலை நடுங்கியது, வெட்கக்கேடு! கம்பு மேலே போனது. அதன் நுனியில் துணி. சர்ரென்று என் ஒட்டடை கீழே விழுந்தது.

"மிசஸ் ஹெஃபர்னன்! நீங்களா?"

அந்த அம்மாள் அசரவே இல்லை. "என் வீட்டை நான் துடைக்காம யாரு துடைப்பா? இந்தக் கண்றாவியை டிவியில வேற காட்டப் போறீங்களாமே!"

"அது கதைங்க."

"உனக்குக் கதை. பக்கத்து வீட்டு பிரைடிக்கு? சர்ச் ஃபாதர் இங்க வந்து பூசை வைக்கப் போறார்னா ஒரு மாசம் முன்னாடியே தேய்ச்சுக் கழுவி, பெயின்ட் அடிச்சு வைக்கிற வீடு இது. நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இங்க ஒரு பொட்டுத் தூசி கண்ணுல படாதான்னு அலையறா அவ. அவ வாயில விழறதுக்கு நான் பேசாம செத்துப் போயிடலாம்."

"என் வேலை போயிடும்மா." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் கம்பைக் கீழே வைத்தார். "அடப்பாவமே! முன்னாடியே சொல்றதுக்கு என்ன பொண்ணே? சரி, ஒட்டடை இருந்து தொலையட்டும். ஆனா அது என் வீட்டு அழுக்கு இல்லேன்னு படத்துலேயே போடணும். இல்லேன்னா எல்லாரும் மூட்டையைக் கட்டுங்க."

டெக்லன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். என் வேலை தப்பியது.

தொடர் ஒளிபரப்பான அன்று, முதல் காட்சிக்கும் முன்னால் கொட்டை எழுத்தில் வந்தது: 'மிசஸ் ஹெஃபர்னனின் வீடு மிகவும் சுத்தமானது. இதில் காணும் அழுக்கு முழுவதும் டெர்வ்லா கீனுடையது.'

உடனே போன் அடித்தது. என் அம்மா.

"ஏண்டி, ஊர் பூரா பார்க்குதே! உன்னை நான் இப்படியா வளர்த்தேன்?"